ஸ்கூல் டீமா கிளப்பான்னு கேக்கறவங்க மொதல்ல ஒரு நோட்டு போடுங்க

காரைக்குடில சாயங்காலம் நாலரைக்கு மேல எந்த கிரவுண்டு பக்கம் போனாலும் செம்மண் புழுதிக்குள்ள பத்துப் பதினஞ்சு பசங்க ஃபுட்பால் ஆடிட்டு இருப்பாங்க, ஓரத்துல வண்டில சாஞ்சிட்டு நாலு அப்பா அம்மா நிப்பாங்க, அந்த நாலு பேர்ல ஆறு வருஷமா நானும் ஒருத்தன். எம் பையன் இப்ப ஒம்போதாவது, பொண்ணு ஏழாவது, ரெண்டு பேரும் ஸ்கூல் டீம்லயும் இருக்காங்க கிளப்லயும் இருக்காங்க. புதுசா பிள்ளைய சேக்க வர்றவங்க எங்கிட்ட கேக்கற மொத கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "அண்ணே, ஸ்கூல்ல ஆடுனா அடிபடறது கம்மியா, கிளப்ல ஆடுனா அடிபடறது கம்மியா?"

எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். போர்டுல ஸ்கூல்னு எழுதிருக்கா கிளப்னு எழுதிருக்காங்கறதுல ஒண்ணுமே இல்ல. உங்க பிள்ளைக்கு எதுக்க நிக்கிறவன் எவ்ளோ பெரியவன், விசில் யார் வாயில இருக்கு, அந்த வாரத்துல இது எத்தனாவது மேட்ச், இந்த மூணுலதான் அடி இருக்கு. இதுல மூணாவது விஷயத்தை ஸ்கூல் பி.டி. சாராலயும் பாக்க முடியாது கிளப் கோச்சாலயும் பாக்க முடியாது, ஏன்னா ஒருத்தர் என்ன ஆட விட்டாருன்னு இன்னொருத்தருக்குத் தெரியாது. கூட்டிப் பாக்க வேண்டியது நாமதான், வேற யாரும் இல்ல.

இத நான் பட்டுதான் தெரிஞ்சிக்கிட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஆகஸ்ட் மாசம், வியாழக்கெழம ஸ்கூலுங்களுக்குள்ள நடக்கற குறுவட்டப் போட்டில பையனுக்கு ஒரே நாள்ல ரெண்டு மேட்ச், வெள்ளிக்கெழம செமி பைனல், பைனல், சனிக்கெழம கிளப்ல ரெண்டு மணி நேரம் பிராக்டிஸ், ஞாயித்துக்கெழம பக்கத்து ஊர்ல செவன்ஸ், அதாவது டீமுக்கு ஏழு பேர் ஆடுற டோர்னமென்ட். நாலாவது நாள் யாரும் அவன தொடக்கூட இல்ல, சும்மா திரும்பறான், கால் மடங்கிருச்சு, கணுக்கால் இட்லி மாதிரி வீங்கிருச்சு, ஏழு வாரம் கிரவுண்டு பக்கமே போகல. பி.டி. சாரும் தப்பு பண்ணல, கோச்சும் தப்பு பண்ணல, நாலு நாளும் வண்டில பின்னாடி உக்கார வெச்சு கூட்டிட்டுப் போனது நான்தான்.

அதனால மொத வேலை, ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. தேதி, எங்க ஆடுனான், மேட்ச்சா பிராக்டிஸா, எத்தன நிமிஷம், எங்கயாவது வலி சொன்னானா, அவ்ளோதான், தினம் ராத்திரி சாப்பிடும்போது கேட்டு எழுதிருங்க. ஞாயித்துக்கெழம கூட்டிப் பாருங்க. குழந்தை டாக்டருங்க, ஸ்போர்ட்ஸ் டாக்டருங்க பொதுவா சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு, பிள்ளைக்கு என்ன வயசோ அத்தனை மணி நேரத்துக்கு மேல ஒரு வாரத்துல பயிற்சி மேட்ச் எல்லாம் சேத்துப் போகக்கூடாது, பதிமூணு வயசுன்னா பதிமூணு மணி நேரம். வாரத்துல ஒரு நாளாவது பந்தே தொடக்கூடாது. வருஷத்துல ரெண்டு மூணு மாசமாவது அந்த ஒரு விளையாட்ட விட்டு வேற எதாவது ஆடணும், ஒரேடியா மூணு மாசம்னு இல்ல, விட்டு விட்டுக் கூட இருக்கலாம். இதுல நான் சேத்துக்கிட்டது ஒண்ணு, மேட்ச் நாளுக்கு அடுத்த நாள் மேட்ச் கிடையாது. ஒரு மணி நேரம் பிராக்டிஸ்ல படுற அடிய விட ஒரு மணி நேரம் மேட்ச்ல பல மடங்கு அடி படுது, இது எல்லா நாட்டுலயும் ஆராய்ச்சி பண்ணி பாத்த விஷயம், அதனால நிமிஷத்த மட்டும் எண்ணாம மேட்ச்ச தனியா வட்டம் போட்டு எண்ணுங்க.

குறுவட்டப் போட்டி மட்டும் நம்ம கைல இல்ல, நாக்அவுட்டுங்கறதால ஜெயிக்க ஜெயிக்க ஒரே நாள்ல ரெண்டு மூணு மேட்ச் வந்துரும். அந்த வாரத்துல கிளப்ப நிறுத்துங்க. ஞாயித்துக்கெழம ராத்திரியே நோட்டு பக்கத்த போட்டோ எடுத்து பி.டி. சார், கோச் ரெண்டு பேருக்கும் வாட்ஸாப்ல அனுப்பிருங்க, "சார், இந்த வாரம் தம்பி இவ்ளோ ஆடிருக்கான், நாளைக்கு ரெஸ்ட் குடுக்கலாம்னு இருக்கோம், நீங்க என்ன சொல்றீங்க"ன்னு மரியாதையா கேளுங்க. மொத வாரம் "என்ன சார் இது, பிள்ளைய பொத்திப் பொத்தி வளக்கறீங்க"ன்னுதான் பதில் வந்துச்சு எனக்கு. மூணாவது மாசம் அதே பி.டி. சார் போன் பண்ணி "சார், நேத்து கிளப்ல எவ்ளோ ஆடுனான்"னு அவரே கேட்டார்.

எதுக்க நிக்கிறவன் யாரு

அமெரிக்காவுலயும் இதே பேச்சு ஓடிட்டுதான் இருக்கு. அங்க கிளப்ல வயசு வாரியா டீம் பிரிச்சிருவாங்க, ஆனா ஹைஸ்கூல் டீம்னா ஒம்போதாவதுல இருந்து பன்னண்டாவது வரைக்கும் ஒண்ணா, 14 வயசு சின்னப் பையனும் தாடி வெச்ச 18 வயசுக்காரனும் ஒரே மேட்ச்ல மோதுவாங்க. அதனால அங்க நெறைய பேரு ஸ்கூல் ஆட்டம்தான் முரட்டு ஆட்டம்னு சொல்லுவாங்க. நம்ம பக்கம் அத அப்படியே எடுத்துக்க முடியாது. நம்ம ஸ்கூல் போட்டில 14, 17, 19 வயசுக்குட்பட்டோர்னு மூணு பிரிவு இருக்கு, ஆனா 17-க்குள்ளங்கற பிரிவுல இப்பதான் 14 முடிஞ்சவனும் 17 தொடப் போறவனும் சேந்துதான் ஆடணும், அந்த மூணு வருஷத்துல ஒரு பையன் நெறைய வளந்துருவான். கிளப்ல அகாடமி லீக் ஆடுனா வயச ரெண்டு ரெண்டு வருஷமா பிரிச்சிருப்பாங்க, அது நல்லது. ஆனா அதே கிளப் பசங்கள பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர்ல நடத்துற செவன்ஸுக்கு கூட்டிட்டுப் போவாங்க பாருங்க, அங்க வயசே கிடையாது. சிங்கப்பூர்ல இருந்து லீவுக்கு வந்த 28 வயசு அண்ணன் ஒரு பக்கம், மீசை மொளைக்காத உங்க பையன் இன்னொரு பக்கம், பிரைஸ் மனி வேற. நம்ம ஊர்ல நான் பாத்த மோசமான அடி பாதிக்கு மேல இந்த செவன்ஸ்லதான்.

என் வீட்டுல ரூல் இதுதான், 16 முடியற வரைக்கும் ஓப்பன் செவன்ஸ் கிடையாது. பையன் ஒரு வாரம் பேசல. பரவால்லன்னு விட்டுட்டேன்.

வயசு ஒண்ணா இருந்தா மட்டும் போதாது, வளத்தியும் பாக்கணும். ஆம்பளப் பசங்க 13, 14 வயசு வாக்குலயும் பொண்ணுங்க அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியும் கிடுகிடுன்னு வளருவாங்க, அந்த சமயம் எலும்பு முன்னாடி ஓடும் சதை பின்னாடி வரும், எலும்பு நுனில வளர்ற எடம் இன்னும் கெட்டி ஆகிருக்காது. நேத்து வரைக்கும் அழகா பந்து எடுத்தவன் திடீர்னு தடுக்கி தடுக்கி விழுவான், கோச் திட்டுவார், பாவம் அவனுக்கே அவன் கால் புதுசு. வீட்டு நிலைல மூணு மாசத்துக்கு ஒரு தடவ பென்சில்ல கோடு போடுங்க. மூணு மாசத்துல ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல ஏறிருந்தா அந்த சீசன் நோட்டுக் கணக்க இன்னும் கொறைங்க. முட்டிக்குக் கீழ முன்பக்கம் மேடா பொடைச்சு தொட்டா வலிக்குதுன்னு சொன்னாலோ குதிகால் வலிக்குதுன்னு காலைல நொண்டுனாலோ அது "வளர்ற வலி, சரியாப் போயிரும்"னு விடாதீங்க, ஓட்டம் குதிக்கறது கொறைச்சு ஒரு டாக்டர்ட்ட காமிங்க. பெரும்பாலும் ரெஸ்ட்லயே அடங்கிரும், ஆனா அந்த ரெஸ்ட்ட ரெண்டு டீமும் குடுக்கணும், ஸ்கூல்ல ரெஸ்ட் எடுத்து கிளப்ல ஆடுனா அது ரெஸ்ட் இல்ல.

விசில்

ஃபுட்பால்ல ஒடம்பு படத்தான் செய்யும், அத பாத்து பயப்படக்கூடாது, எது ரூலுக்குள்ளன்னு தெரிஞ்சிக்கணும். பந்து காலுக்கு எட்டுற தூரத்துல இருக்கும்போது தோளோட தோள் சேத்து மோதுறது தப்பே இல்ல. முதுகுல தள்ளுறது, கைய நீட்டி தள்ளுறது, முழங்கைய தூக்கிட்டு குதிக்கறது, இதெல்லாம் ஃபவுல். ரூல் புக்ல 12-வது விதி மூணு படியா பிரிக்குது, கவனமில்லாம பண்ணா வெறும் ஃபவுல், எதிராளிக்கு என்ன ஆனா எனக்கென்னன்னு பண்ணா மஞ்சக் கார்டு, அடிபடுற மாதிரி முரட்டுத்தனமா பண்ணா செகப்பு. ஒரு மேட்ச்ல மொத பத்து நிமிஷம் இத மட்டும் பாருங்க, பின்னாடி இருந்து கால் போட்டவனுக்கு விசில் வருதா வரலயா. வந்துச்சுன்னா உக்காந்து நிம்மதியா பாக்கலாம். வரலன்னா பசங்க புரிஞ்சிப்பாங்க, அடுத்த பத்து நிமிஷத்துல பதிலுக்கு பதில் போட ஆரம்பிப்பாங்க, அப்ப கோச்ச கூப்புட்டு ரெஃப்ரிட்ட பேசச் சொல்லுங்க, கேக்கலன்னா பிள்ளைய வெளில எடுக்கச் சொல்லுங்க. நீங்க கிரவுண்டு ஓரத்துல நின்னு ரெஃப்ரிய திட்டாதீங்க, அது பசங்க கோவத்துக்கு எண்ணெய் ஊத்துறது மாதிரி.

இன்னொண்ணு, மோதறதையும் சொல்லிக் குடுக்கணும். கிளப்ல கொஞ்சம் நேரம் இருக்கும், ஸ்கூல்ல சாயங்காலம் அரை மணி நேரத்துல இருபது பேர வெச்சிட்டு அந்த சாரால என்ன பண்ண முடியும், அதனால கிளப் கோச்சிட்ட கேளுங்க. முட்டிய மடக்கி இடுப்ப எறக்கி பந்துக்கும் எதிராளிக்கும் நடுவுல ஒடம்ப வெக்கறது, ஒத்த கால்ல நின்னு தோள் மோதுறது, விழும்போது கைய விரிச்சு ஊனாம தோள்ல உருள்றது. நம்ம கிரவுண்டுல புல் இல்ல, சரளைக்கல்லு, கைய ஊனுனா மணிக்கட்டு போயிரும். வீட்டுல மெத்தைய தரையில போட்டு எம் பொண்ணுக்கு நானே விழப் பழக்கினேன்.

வார்ம் அப்

கிரவுண்ட சுத்தி ரெண்டு ரவுண்டு ஓடிட்டு கால நீட்டி தொடுறது வார்ம் அப் இல்ல. ஃபிஃபா லெவன் பிளஸ்னு ஒண்ணு இருக்கு, இலவசம், யூடியூப்ல அடிச்சா வீடியோவே வருது, செலவு ஒரு ரூவா கிடையாது. மொத்தம் 15 பயிற்சி, 20 நிமிஷம். மொத 8 நிமிஷம் மெதுவா ஓட்டம், ஓடிட்டே இடுப்பத் திருப்புறது, ஜோடியா தோள் மோதுறது, அப்புறம் 10 நிமிஷம் பிளாங்க், தொடை, ஒத்தக்கால்ல நிக்கறது, குதிச்சு முட்டி உள்ள மடங்காம எறங்குறது, கடைசி 2 நிமிஷம் வேகமா ஓட்டம், வெட்டித் திரும்புறது. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது விடாம பண்ண டீம்கள்ல அடி மூணுல ஒரு பங்குக்கு மேல கொறைஞ்சிருக்கு. 7-ல இருந்து 13 வயசுப் பசங்களுக்கு தனியா ஏழு பயிற்சி வெச்சு இன்னொண்ணு இருக்கு, நாலு ஐரோப்பிய நாட்டுல சோதிச்சுப் பாத்து 2018-ல முடிவு வந்துச்சு, அடி கிட்டத்தட்ட பாதியா கொறைஞ்சிச்சு. பொண்ண பெத்தவங்க இத கண்டிப்பா கேட்டு வாங்குங்க, முட்டிக்குள்ள இருக்கற ஏ.சி.எல். ஜவ்வு கிழியறது பொண்ணுங்களுக்கு பசங்கள விட ரெண்டு மூணு மடங்கு அதிகம், அதுவும் நெறைய நேரம் யாரும் மோதாமலே, குதிச்சு எறங்கும்போதும் திரும்பும்போதும்தான். ஒரு டீம் பண்ணாட்டியும் உங்க பிள்ள தனியா பதினஞ்சு நிமிஷம் முன்னாடி போய் பண்ணலாம், எம் பொண்ணு அப்படித்தான் ஆரம்பிச்சா, இப்ப அவ பின்னாடி எட்டு பேர் பண்றாங்க.

சாமான் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன். முட்டிக்குக் கீழ முன்பக்க எலும்ப காக்கற ஷின் பேட் இல்லாம பிராக்டிஸ்கூட வேண்டாம், சாக்ஸுக்குள்ள இருக்கணும், அட்டைய மடிச்சு வெக்கறதெல்லாம் அடி தாங்காது. செம்மண் தரைல நீள ஸ்டட் வெச்ச பூட்ஸ் போடாதீங்க, அது புல்லுக்கு, இங்க கால் தரைல சிக்கி கணுக்கால் முறுக்கிக்கும், சின்னச் சின்ன ரப்பர் குமிழ் நெறைய இருக்கற டர்ஃப் ஷூ வாங்குங்க, "வளர்ற பையன்"னு ரெண்டு சைஸ் பெருசா வாங்காதீங்க. தோடு, மூக்குத்தி, இரும்புக் காப்பு எல்லாம் கழட்டிட்டுதான் எறங்கணும், மேல டேப் ஒட்டுனாலும் ரூல்ல கிடையாது. பந்து 8-ல இருந்து 12 வயசு வரைக்கும் 4-ம் நம்பர், அதுக்கு மேலதான் 5. தூக்கி மாத்தற இரும்பு கோல் போஸ்ட்ட மணல் மூட்டையோ கம்பியோ வெச்சு கட்டிருக்காங்களான்னு நீங்களே போய் ஆட்டிப் பாருங்க, பசங்க அதுல தொங்குவாங்க, சாஞ்சா உயிர் போற விஷயம்.

ஏப்ரல் மே வெயில்ல அஞ்சு மணிக்கு முன்னாடி மேட்ச் வெச்சா அனுப்பாதீங்க. மத்த நாள்லயும் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணி, நீர்மோர், உப்பு போட்ட நீச்சத்தண்ணி. பையன் ஒளறுனாலோ வாந்தி எடுத்தாலோ ஒடம்பு கொதிச்சாலோ நெழல்ல படுக்க வெச்சு ஒடம்பு பூரா தண்ணிய ஊத்திட்டே 108-க்கு அடிங்க.

தலை

இதுல நான் யார்கூடயும் சமரசம் பண்ணிக்க மாட்டேன். அமெரிக்காவுல நாம ஆடுற இந்த ஃபுட்பாலுக்கான சங்கம் 2015-லயே 10 வயசு வரைக்கும் தலையால பந்து அடிக்கறதே வேண்டாம்னு சொல்லிருச்சு, 11-ல இருந்து 13 வரைக்கும் பிராக்டிஸ்ல அளவா மட்டும். இங்கிலாந்துல 2020-ல சின்னப் பசங்களுக்கு பிராக்டிஸ்ல ஹெட்டிங்க நிறுத்துனாங்க, இப்ப 11 வயசுக்குள்ள மேட்ச்லயே படிப்படியா எடுத்துட்டு வர்றாங்க. நம்ம ஊர்ல எட்டு வயசுப் பொடியன வரிசைல நிக்க வெச்சு தலைல பந்து போடுறாங்க. கோச்சிட்ட போய் சொல்லுங்க, எம் பிள்ளைக்கு வேண்டாம்னு.

பந்து படுறத விட தலையும் தலையும் மோதுறது, முழங்கை படுறதுதான் அதிக ஆபத்து. மோதுன பிறகு பையன் மயங்கி விழணும்னு அவசியமே இல்ல, மூளை அதிர்ச்சில நெறைய பேர் மயங்க மாட்டாங்க. முழி மாறுது, ஸ்கோர் என்னன்னு கேட்டா யோசிக்கறான், தள்ளாடுறான், தலை வலிக்குது, வெளிச்சம் கூசுது, சம்பந்தமில்லாம அழறான், இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சிது. "முகத்த கழுவிட்டு எறங்குடா"ங்கற பேச்சே கூடாது. அமெரிக்காவுல 2006-ல 13 வயசுப் பையன் ஒருத்தன், பந்த கைல புடிச்சிட்டு ஓடுற அவங்க ஊரு ஃபுட்பால் ஆடுனவன், தலைல அடிபட்ட பிறகு அதே மேட்ச்ல திரும்ப எறங்கி மூளைல ரத்தக்கசிவாகி எழுந்து நடக்கவே வருஷக்கணக்காச்சு, அதுக்கப்புறம்தான் 2009-ல வாஷிங்டன் மாநிலம் சட்டமே போட்டுச்சு, டாக்டர் எழுத்து இல்லாம திரும்ப ஆடக்கூடாதுன்னு, பின்னாடி எல்லா மாநிலமும் போட்டுச்சு. நம்மகிட்ட சட்டம் இல்ல, பெத்தவங்க நாமதான் சட்டம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிட்டே போற தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கை கால் மரத்துப்போறது, கழுத்து வலி இருந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம 108.

கணுக்கால் மடங்குனா வீட்டுல அப்பத்தா உடனே நல்லெண்ணெய் எடுத்து உருவி விட வருவாங்க, இல்லன்னா புளியும் உப்பும் கொதிக்க வெச்சு பத்து போடுவாங்க. பாசத்துலதான் செய்றாங்க, ஆனா மொத ரெண்டு நாள் சூடும் உருவறதும் வீக்கத்த ஏத்திரும். எங்க அம்மாட்ட நான் சொன்னது, "ரெண்டு நாள் கழிச்சு நீங்க சொல்ற மாதிரி பாப்போம்மா, இப்ப ஐஸ் மட்டும்." ஐஸ துணில சுத்தி பதினஞ்சு இருவது நிமிஷம், கால உயரத்துல வெச்சு, லேசா கட்டு. நாலு அடி எடுத்து வைக்க முடியலன்னாலோ கணுக்கால் எலும்பு மேல அழுத்துனா உயிர் போற மாதிரி வலிச்சாலோ எக்ஸ்ரே எடுக்காம சுளுக்குன்னு நெனச்சு யார்ட்டயும் போய் கட்டு போட்டுடாதீங்க. சிராய்ப்புல சரளை ஒட்டிருந்தா ஓடுற தண்ணில சோப்பு போட்டு கழுவி எடுங்க, 10 வயசுலயும் 16 வயசுலயும் போடுற டி.டி. ஊசி, அதாவது டெட்டனஸ் டிப்தீரியா தடுப்பூசி, போட்டாச்சான்னு பாருங்க. பல்லு முழுசா விழுந்துட்டா வேர தொடாம மேல்பக்கமா புடிச்சு பால்ல போட்டு அரை மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர்ட்ட ஓடுங்க, நெறைய நேரம் திரும்ப வெக்கலாம்.

திரும்ப எறக்கறதுதான் கடைசி, அதுலதான் பாதிப் பேர் தப்பு பண்றாங்க. கால் அடின்னா, வீக்கம் இல்லாம, அடிபட்ட கால்ல மட்டும் நின்னு பத்து தடவ குதிச்சு, வெட்டி வெட்டி ஓடிக் காமிக்கணும், அதுவரைக்கும் மேட்ச் இல்ல. தலை அடின்னா ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, அப்புறம் நடை, மெதுவா ஓட்டம், பந்தோட ஓட்டம், மோதல் இல்லாத பிராக்டிஸ், டாக்டர் சரின்னதும் முழு பிராக்டிஸ், அப்புறம்தான் மேட்ச், ஒவ்வொரு படிக்கும் கொறைஞ்சது ஒரு நாள், தலைவலி திரும்ப வந்தா ஒரு படி கீழ. இங்கிலாந்துல சாதாரண கிளப் பசங்களுக்கு மேட்ச்சுக்கு முன்னாடி 21 நாளாவது விடச் சொல்றாங்க, நானும் அதத்தான் வெச்சிருக்கேன். நோட்டுல அந்தப் பக்கத்துல தேதிய எழுதி, அன்னைக்கு சாயங்காலமே ஸ்கூலுக்கும் கிளப்புக்கும் ஒரே மெசேஜா அனுப்பிருங்க, "இந்தத் தேதி வரைக்கும் ரெண்டு எடத்துலயும் ஆட மாட்டான்"னு. நடுவுல மேட்ச் வந்து ஆள் பத்தலன்னு போன் வரும், கண்டிப்பா வரும், அப்ப பையன கூட்டிட்டே போங்க, பெஞ்ச்ல உக்காந்து தண்ணி கேன் தூக்கட்டும்.